என் மேல் பிராது கொடுத்தவள்

கொளஞ்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும், பிறகு சொல்கிறேன். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. நான் பார்வதி, தையல்காரி. விருத்தாசலத்தில் ஊரைத் தாண்டிப் புதிதாக மனை போட்ட எங்கள் நகரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவு எனக்கு மனப்பாடம். கழுத்து இறங்கிவிட்டது, கை பிடிக்கிறது என்பதைத் தவிர வேறு புகார் என் மேல் எவரும் சொன்னதில்லை. இவள் மட்டும் நேராகச் சாமியிடமே போய்விட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. ஊருக்குப் பக்கத்திலேயே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான், ஆனால் உருவம் கிடையாது, வெறும் கல். எங்கள் பக்கத்தில் யாருக்காவது அநியாயம் நடந்தால் அவரிடம் பிராது கொடுப்பார்கள். எனக்கு இன்ன தீங்கு செய்தவர் இன்னார் என்று தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்து முடித்துவிடுவார் என்பது நம்பிக்கை. இந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அவர் பெயர்தான். என் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அவர் பெயர்தான் என்பதால், அவள் சொல் அங்கே கொஞ்சம் சீக்கிரம் எடுபடுமோ என்று நான் பயந்ததுண்டு.

அவள் பிறந்தது சேத்தியாத்தோப்புப் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவில். கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தாள். புருஷன் லாரி ஓட்டியவர். வேப்பூர் தாண்டி நடந்த ஒரு விபத்தில் போய்விட்டார். அப்போது மகள் வெண்பா கைக்குழந்தை. அழுதுகொண்டு உட்கார நேரமில்லாமல் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் மண் கூழை வாளியில் சுமந்தாள். பிறகு அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைக் காயப்போடும் வேலைக்கு மாறினாள். அன்று முதல் இன்றுவரை அதே வேலை. பிள்ளையார், முருகன், செட்டியார் பொம்மை, அகல் விளக்கு என்று அவள் கண் முன்னால் காயாத உருவம் ஒன்றுமில்லை.

"காயப்போடறதுல என்னா இருக்குது? துணி காயப்போடற மாதிரிதான?" என்று நான் ஒருநாள் வாய் கொடுத்துவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

"தண்ணி போறப்ப மண்ணு சும்மா இருக்காதுக்கா. தண்ணி இருந்த எடத்த இழுத்து மூடிக்கும். அதான் பொம்ம சின்னதாவுது. எல்லாப் பக்கமும் ஒண்ணா சின்னதானா ஒண்ணும் ஆவாது. ஒரு பக்கம் முந்திக்கிச்சின்னா, பிந்துன பக்கத்தப் புடிச்சி இழுக்கும். அது வராது. அப்பறம் என்னா, பிச்சிக்கும்."

அதனால்தான் அவள் வாசல் பக்கம் காற்றுப் படும்படி ஒரு பொம்மையையும் வைக்க விடமாட்டாள். மெல்லிய காது, துதிக்கை நுனி, விரல் இவையெல்லாம் முதலில் காயும் என்று ஈரச் சாக்கால் மூடிவைப்பாள். நேரத்துக்கு ஒரு தரம் திருப்பி வைப்பாள். புதிதாக வந்த பெண்கள் யாராவது ஃபேனைப் போட்டுவிட்டால் இவள் போடும் சத்தம் அவர்கள் காதில் இரண்டு நாளைக்குக் கேட்கும். "எங் கையில காஞ்சது விரிசல் வுடாது" என்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். ஒருமுறை யூனிட்டுக்குக் கூட்டிப் போய், ஒரே அச்சில் எடுத்த இரண்டு பிள்ளையாரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. காய்ந்தது ஈரத்துக்குத் தம்பி போல நின்றது. முகம், வயிறு, கொழுக்கட்டை எதுவும் குறையவில்லை. எல்லாமே அதே அளவில் உள்ளே போயிருந்தன. துணி சுருங்குவதைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற எனக்கே வாய் அடைத்துவிட்டது. அவளும் தினமும் பார்க்கிற அதையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிறுகச் சிறுகச் சேர்த்து எங்கள் நகரில் மனை வாங்கி வீடு கட்டினாள். இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு. இந்த இடம் முன்னே உளுந்தும் பருத்தியும் விளைந்த களிமண் நிலம். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் கடப்பாரை இறங்காது. சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தாள். எனக்கு அந்த நிறம் பிடிக்காது, அதை அவளிடமே சொன்னேன். வேலைக்குப் போகும்போது வாசல் சுவரை ஒரு தரம் உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் போவாள். அதைப் பார்த்த பிறகு நிறத்தைப் பற்றி நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

பங்குனியில் நான் போர் போட்டேன். வீட்டில் தண்ணீர் போதவில்லை. மகள் யுவஸ்ரீக்கு வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தேன். ஆனியில் குழந்தை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கொளஞ்சி வீட்டை ஒட்டிய என் காம்பவுண்டு மூலையில்தான் இடம் இருந்தது. வண்டி வந்து நின்று நாள் முழுக்க உறுமித் துளைத்தது. டம்ளரில் தண்ணீர் தளும்பியது நிஜம்தான்.

சித்திரையில் கொளஞ்சி வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. என் பக்கத்துச் சுவர். ஜன்னல் மூலையில் ஆரம்பித்துத் தரைவரை, துணியைக் குறுக்காக வெட்டியதுபோல் ஒரே கோடு. வெளியே நின்றால் உள்ளே எரியும் விளக்கு தெரிந்தது.

"ஒன் போருதான்க்கா என் செவுத்தப் பொளந்துச்சி" என்றாள்.

"போரு போட்டு எத்தினி நாளாச்சி? அன்னிக்கே பொளந்திருக்கணும் இல்ல?" என்றேன்.

"உள்ளுக்குள்ள அதிர்ந்து இப்ப தெரியுது."

"எல்லாரு வூட்லயும்தான் போரு போடுறாங்க. ஒன் வூடு மட்டும் என்னா பீங்கானா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த வாரமே அவள் குளித்து, பூ வைத்துக்கொண்டு மணவாளநல்லூர் போய்விட்டு வந்தாள். வந்தவள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க பேர எழுதிக் கட்டிட்டு வந்துட்டேன். சொல்லாம செஞ்சான்னு இருக்கக் கூடாது, அதான் சொல்லிட்டேன்" என்றாள். எப்போதும் என்னை 'நீ' என்பவள். அந்த 'உங்க' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை. ஆனால் துளை போட்டது நான்தானே? மண்ணுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை நிஜமாகவே என் போர்தான் அந்தச் சுவரைப் பிளந்திருந்தால், சாமி கணக்கில் நான் குற்றவாளி. மூன்று மாதத்தில் தண்டனை. அந்த மூன்று மாதத்துக்குள்தான் யுவஸ்ரீக்குப் பிரசவம். தாய் மேல் கொடுத்த பிராது மகள் மேல் இறங்கும் என்று தெருவில் ஒருத்தி ஆறுதல் சொல்வதுபோல் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நான் இனி ஜாக்கெட் தைப்பதில்லை. யுவஸ்ரீ படி இறங்கினால்கூட என் கை தானாக நீண்டது. அவள் எரிச்சலானாள். நான் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றித் தைத்தேன்.

கத்திரி வெயில் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் மனைகள் வெறுமனே கிடக்கின்றன. அங்கே நிலம் வெடித்திருந்தது. வருஷா வருஷம் வெடிப்பதுதான், யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் யுவஸ்ரீ பின்பக்கமிருந்து கத்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் பார்த்தால் அவள் நன்றாகத்தான் இருந்தாள். என் கோழியின் குஞ்சு ஒன்று வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து கீச்கீச் என்று சத்தம் மட்டும் வந்தது.

கையை விட்டேன். தோள்வரை போயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. கழுத்தில் கிடந்த அளவு டேப்பின் நுனியில் ஒரு பாபினைக் கட்டி இறக்கினேன். எந்த இடுப்பையும் சுற்றி மிச்சம் நிற்கும் டேப் அது. அது போய்க்கொண்டே இருந்தது. கடைசி அங்குலம் என் விரலுக்கு வந்தது. பாபின் இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் மண்டியிட்ட இடத்துக்குக் கீழே இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது, இதன் மேல்தான் நாங்கள் துணி உலர்த்தி, வடகம் காயவைத்து, நடந்து திரிகிறோம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

சத்தம் கேட்டுக் கொளஞ்சி வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. "பாப்பா, நீ தள்ளி நில்லு, காலு உள்ள போயிடப் போவுது" என்று யுவஸ்ரீயிடம் சொல்லிவிட்டுக் குனிந்தாள். குஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒரு வெடிப்பு இன்னொன்றோடு சேர்ந்து, அது வேறொன்றோடு சேர்ந்து, கீழே ஒரு தெருவே இருந்தது. மேலே நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தின் பின்னால் போனோம். காலி மனையைக் கடந்து, என் காம்பவுண்டு ஓரமாக, இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மொட்டைத் தரைக்கு வந்தது. அங்கிருந்த வெடிப்பு நேராகக் கொளஞ்சியின் சுவரடிக்குப் போயிற்று. சத்தமும் போயிற்று.

கொளஞ்சி தரையில் படுத்துச் சுவரடியில் காதை வைத்தாள். எழுந்தாள். வீட்டுக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து, "அக்கா! சீக்கிரம் உள்ள வா!" என்றாள்.

அத்தனை நாளைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். அவள் முன்னறையில், விரிசல் விட்ட சுவருக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். நானும் படுத்தேன். தரைக்குக் கீழே, எங்கோ ஆழத்தில், மெல்லிசாக, கீச் கீச்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு வீடு, அதன் பீரோ, கட்டில், சாமி படம், கியாஸ் அடுப்பு எல்லாம் சேர்த்து, ஒரு கோழிக்குஞ்சு உலாவுகிற வெற்றிடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. அத்தனை பெரிய காரியம் எங்கள் காலுக்குக் கீழே ஓசையில்லாமல் நடந்திருக்கிறது. கொளஞ்சியின் முகம் என் முகத்துக்கு எதிரே இருந்தது. கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள்தான் வழி கண்டாள். யூனிட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய சாக்கைச் சுருட்டி, சுவரோரம் வெடிப்பு அகலமாக இருந்த இடத்தில் ஏணி மாதிரி சாய்வாக உள்ளே விட்டாள். நான் தாய்க்கோழியைப் பிடித்து வந்து பக்கத்தில் கூடையால் கவிழ்த்தேன். கோழி கொக்கரித்தது. நாங்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். இருட்டும் சமயத்தில் சாக்கின் மேல் நகம் பிராண்டும் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் புழுதியோடு குஞ்சு வெளியே வந்தது. யுவஸ்ரீ கை தட்டினாள்.

கொளஞ்சி குஞ்சைப் பார்க்கவில்லை. எழுந்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். நானும் போனேன். அங்கே அவளுடைய வாழையும் கனகாம்பரமும். சமையல் கட்டுத் தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகிறது. தரை குளுகுளுவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி என் பக்கத்துக்கு வந்தாள். நாள் முழுக்க வெயில் விழும் மொட்டைத் தரை. கை நுழையும் வெடிப்புகள். இரண்டு தரம் போய் வந்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஒரு பக்கம் ஈரம். ஒரு பக்கம் காய்ச்சல்" என்றாள். "ஒரு பொம்மைய எவளாவது இப்டி வெச்சிட்டுப் போனா அவள என்னா பேச்சுப் பேசுவேன்? வூட்டயே அப்டி வெச்சிருக்கேன்க்கா. ஒன் போரு இல்ல. ஒன் மேல ஒண்ணுமில்ல."

எனக்கு முதலில் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அடுத்த நிமிஷமே கோபம் ஏறியது. "இத நீ அன்னிக்கே சுத்திப் பாத்திருந்தா நான் இத்தினி நாளு தூங்கி இருப்பேன்" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவளே ஆட்டோவைக் கூட்டி வந்து நிறுத்தினாள். இருவரும் மணவாளநல்லூர் போனோம். கொடுத்த பிராதைத் திரும்ப வாங்குவதற்கும் முறை உண்டு. சாமி முன்னால் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அங்கே அந்த வேலையைப் பார்க்கும் பெரியவர் கேட்டார்: "காரியம் ஆயிடுச்சாம்மா?"

"ஆவுல சாமி. ஆளு தப்பு. இவுங்க செய்யல."

"அப்ப யாரு செஞ்சது?"

"மண்ணு."

பெரியவர் சிரித்துவிட்டார். "அப்ப அந்த மண்ணு மேல ஒண்ணு எழுதிக் கட்டிட்டுப் போறியா?"

கொளஞ்சி சிரிக்கவில்லை. காலடியைப் பார்த்தாள். "அது மேலயா? நான் நிக்கிறதே அது மேலதான சாமி" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல் தரையில் விழுந்து கும்பிட்டாள். சாமியைக் கும்பிட்டாளா, தரையைக் கும்பிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு தெருவே பார்த்துச் சிரிக்கும்படி ஒரு காரியம் செய்தாள். என் பக்கத்துச் சுவரடி நெடுகச் சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். பின்பக்கம் போன தண்ணீரைக் குழாய் வைத்து நாலு பக்கமும் பிரித்துவிட்டாள். "வூட்டுக்குப் போத்தி வுடுறா" என்று பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன். சாமிதுரை கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் விரிசலில் சிமெண்டை அடைத்துவிடலாம் என்றார்.

"வேணாம்ணே. அது இன்னும் நகருது. நகர்றத அடைச்சா வேற எடத்துல பிச்சிக்கும். மழ வரட்டும்" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவள் என்னிடம் ஒரு வெட்டுத்துணி கேட்டு வாங்கி, அந்தச் சிவப்புத் துண்டை விரிசலுக்குள் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அது ஆடும். சுவர் அசைந்தால் அது சொல்லும் என்றாள்.

ஆனியில் யுவஸ்ரீக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தெருவே வந்து பார்த்தது. கொளஞ்சி வரவில்லை. வெண்பாவிடம் சர்க்கரையும் சின்ன கவுனும் கொடுத்தனுப்பினாள். எதிரே பார்த்தால் நின்று பேசுவாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பாள், வாசலேற மாட்டாள். எனக்கு மூக்கின் மேல் கோபம். பிராதைத்தான் திரும்ப வாங்கியாயிற்றே, இன்னும் என்ன வீம்பு என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கொளஞ்சி காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டினாள். "அக்கா, வந்து பாரேன்."

குழந்தை என் இடுப்பில் இருந்தது. அப்படியே போனேன். காலி மனையில் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. என் டேப்பை விழுங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கி, தட்டான் பறந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். விளக்கு தெரிந்த அந்தப் பிளவு இல்லை. பென்சில் கோடு மாதிரி ஒன்று மட்டும் ஜன்னலிலிருந்து இறங்கியது. அதன் நடுவே என் சிவப்புத் துணி நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். சுவர் விடவில்லை. ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் கோட்டில் வைத்துப் பார்த்தேன். நுனிகூட இறங்கவில்லை.

எத்தனை பாரம் இந்த வீடு! செங்கல், மேல் தளம், தண்ணீர்த் தொட்டி. அத்தனையையும் அந்த மண் ஈரம் குடித்து உப்பி, தூக்கி, பழைய இடத்தில் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் படுத்திருந்த எனக்கு ஒரு சத்தம் கேட்கவில்லை. நான் கும்பிடப் போன கையில் குழந்தை இருந்தது. இரண்டு கையும் வேண்டும் என்று அதைக் கொளஞ்சியிடம் நீட்டினேன்.

அவள் பின்வாங்கினாள். "வேணாம்க்கா."

"புடி, என்னா இது?"

"ஒன் பேர எழுதிக் கட்டுனப்ப இது வயித்துல இருந்துச்சேக்கா" என்றாள். "வாபஸ் வாங்கிட்டேன், சரிதான். அன்னிக்கி எழுதுனது நான்தான? எங் கையிதான? எப்டி இதத் தூக்குவேன்?"

இத்தனை மாதமாக அவள் வாசலேறாதது இதற்குத்தான். நான் அவளை வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே குழந்தையை அவள் கைகளுக்குள் திணித்தேன். ஈரப் பொம்மையைத் தாங்குவதுபோல் இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிக்கொண்டாள். அழுதாள். குழந்தை அந்தக் கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மண்டியிட்டு, அன்று படுத்த அதே இடத்தில் தரையில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தபோதும் கொளஞ்சி குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.